ஷூவுக்கும் கரை உண்டு!

கரை வேட்டி கட்டிய ஒருத்தர் எதிரே வந்தால் நம் கண் முதலில் எங்கே போகிறது? முகத்துக்கா? ம்ஹூம்... கரைக்குத்தான்! எந்தக் கலர், எத்தனை கோடு என்று பார்த்து, ஆசாமி எந்தக் கட்சி, வட்டமா மாவட்டமா, ஓட்டுக் கேட்டு வருகிறாரா, நன்கொடை கேட்டு வருகிறாரா என்பதையெல்லாம் அரை விநாடியில் முடிவு செய்துவிடுகிறோம்.

ஷூவுக்கும் அப்படி ஒரு கரை உண்டு. அதை நாம் யாரும் பார்ப்பதே இல்லை.

நாளைக்கு ஆபீஸ் லிஃப்ட்டில் நிற்கும்போது செல்போனைப் பையில் போட்டுவிட்டு, சுற்றி நிற்கிற கால்களைப் பாருங்கள். (லேடீஸ் கால்களைத் தவிர்ப்பது நல்லது. எச்.ஆர். டிபார்ட்மென்ட்டுக்கு விளக்கம் எழுத வேண்டிவரும்.) ஷூவின் மேல்பக்கத்தை எல்லோரும் பளபளவென்று பாலிஷ் போட்டு வைத்திருப்பார்கள். தலை சீவிக்கொள்ளலாம் போல மின்னும். அப்படியே கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். சோலின் ஓரம்... அதாவது, மேல்தோலும் தரையும் சந்திக்கிற இடத்தில் ஷூவைச் சுற்றி ஓடுகிற பட்டை. ஒரு சென்டிமீட்டர் அகலம்கூட இருக்காது. அது மட்டும் வெளுத்து, பிசிர் அடித்து, எலி கடித்த புத்தகம் மாதிரி இருக்கும். பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு கிழிந்த வேட்டி கட்டிய கதைதான்!

இந்த ஓரத்துக்கு ஒரு ராஜ வம்சமே உண்டு என்று சொன்னால் நம்புவீர்களா?

பாரிஸில் லூவ்ர் மியூசியத்தில் ஒரு படம் இருக்கிறது. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியை ரிகோ என்ற ஓவியர் 1701-ல் வரைந்தது. மன்னர் காலை ஒயிலாக முன்னால் நீட்டிக்கொண்டு நிற்பார். ஷூவின் ஹீல் மட்டும் ரத்தச் சிவப்பு! அவருடைய அரசவையில் சிவப்பு ஹீல்தான் பிரபுக்களின் அடையாளம். காலைப் பார்த்தே ஆள் யார் என்று தெரிந்துகொண்டார்கள். அன்றைக்கே கரை வேட்டி வேலைதான்.

பிறகு 1990-களின் தொடக்கத்தில் அதே பாரிஸில் கிறிஸ்டியன் லூபுடான் என்ற ஷூ டிசைனர், தான் செய்த ஷூவைப் பார்த்து, 'எதுவோ குறைகிறதே' என்று யோசித்திருக்கிறார். பக்கத்தில் அவருடைய உதவியாளர் நகப்பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். அதைப் பிடுங்கி சோலில் சிவப்பாகத் தடவிவிட்டார். அவ்வளவுதான், சிவப்பு சோல் அவருடைய டிரேட் மார்க் ஆகி, அதற்காக கோர்ட்டு வரை போய், 2012-ல் நியூயார்க் அப்பீல் கோர்ட், 'மேல்பக்கம் வேறு கலரில் இருக்கும்வரை சிவப்பு சோல் அவருக்குத்தான் சொந்தம்' என்று தீர்ப்பும் சொல்லிவிட்டது. வீட்டில் இருக்கும் நகப்பாலிஷை அலட்சியமாக நினைக்காதீர்கள்!

*

நான் இந்த ஓர ஆராய்ச்சியில் இறங்கியதற்குக் காரணம், எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு பையன்.

முதல் போனஸில் பதினோராயிரம் ரூபாய் கொடுத்து ஒரு பிரௌன் ஷூ வாங்கினான். தோல் சோல், தோல் ஹீல், சுற்றிலும் தையல். வாங்கிய புதிதில் அதைப் போட்டுக்கொண்டு நடக்கவே கூச்சப்பட்டான். நாலு மாதம் கழித்துப் பார்த்தால் ஓரமெல்லாம் போயே போச்சு. பாதி, சென்னை மழையின் கைங்கரியம். மீதி, மோட்டார் சைக்கிளின் கைங்கரியம். இடது கால் ஷூவைப் பார்த்தால் போதும், ஒருவன் பைக் ஓட்டுகிறவனா என்று சொல்லிவிடலாம். கியர் லிவர் மேலே கடித்திருக்கும், சைட் ஸ்டாண்ட் பக்கத்தில் பிராண்டியிருக்கும்.

''சார், ஞாயித்துக்கிழமை பொண்ணு பார்க்கப் போறோம். இந்த ஷூவை என்னவாவது பண்ணணும்'' என்றான்.

''பொண்ணு வீட்ல ஷூவை வாசல்லயே கழட்டிடப் போற. உள்ள சாக்ஸ்ல ஓட்டை இல்லாமப் பார்த்துக்கோ, போதும்.''

''அதான் சார் பிரச்னையே! ஷூ வாசல்லதானே கிடக்கும்? பொண்ணோட அப்பா ராணிப்பேட்டைல ஷூ ஃபேக்டரில குவாலிட்டி செக்கிங்ல இருந்து ரிட்டயர் ஆனவராம்!''

நியாயமான பயம்தான். ஜாதகத்தில் செவ்வாய் தோஷம் இருந்தால் பரிகாரம் உண்டு. ஷூவில் தோஷம் இருந்தால்?

பரிகாரம், எங்கள் ஆபீஸுக்கு எதிரே பஸ் ஸ்டாப் பக்கத்தில் புங்கமரத்தடியில் இருந்தது. அங்கே ஒரு பெரியவர் பல வருஷமாக உட்கார்ந்திருக்கிறார். மூன்று பக்கமும் கால் வைத்த இரும்பு ஒன்று, குத்தூசி, நூல்கண்டு, கறுத்துப்போன ஒரு மரப்பெட்டி. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஃபினிஷிங் பிரிவில் இருபது வருஷம் வேலை பார்த்தவர் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். (ஆம்பூர் என்றதும் உங்களுக்கு பிரியாணி ஞாபகம் வந்திருக்கும். எனக்கும்தான். வெளிநாட்டுக்காரர்களுக்கு ஷூ ஞாபகம் வருகிறது.)

பெரியவர் ஷூவை வாங்கி முகத்தருகே கொண்டுபோய், ஓரத்தில் கட்டை விரலை ஒரு சுற்று ஓட்டினார். டாக்டர் நாடி பார்க்கிற மாதிரி.

''நல்ல பொருள்தான் தம்பி. அசல் தோலு. ஓரம் மட்டும் வாய் பொளந்து நிக்குது. ரெண்டு மழைக்கு இப்படியே வுட்டா அடுக்கு அடுக்கா பிரிஞ்சுக்கும். முந்நூறு ரூபா ஆவும்.''

நம் ஆள் ரத்தத்திலேயே பேரம் ஊறினவன்.

''முந்நூறா? ஓரத்துக்கு மட்டுமா? நூத்தம்பது வாங்கிக்கங்க பெரியவரே...''

பெரியவர் கோபப்படவில்லை. ஒரு ஷூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இன்னொன்றை அவனிடமே திருப்பிக் கொடுத்தார்.

''சரி, நூத்தம்பதே குடு. ஒரு காலுக்குப் பண்ணித் தரேன்!''

பஸ் ஸ்டாப்பே சிரித்தது. பையன் மறுபேச்சுப் பேசாமல் இரண்டாவது ஷூவையும் நீட்டிவிட்டு, பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தான்.

*

வேலையைச் சொல்வதற்கு முன், அந்த ஓரம் ஏன் 'வாய் பிளக்கிறது' என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

தோல் என்பது கோடிக்கணக்கான மெல்லிய நார்களின் பின்னல். மாட்டின் மேல் இருந்தபோது வெளிப்பக்கம் இருந்த பகுதி வழவழப்பாக, நெருக்கமாக, தண்ணீரைச் சுலபத்தில் உள்ளே விடாமல் இருக்கும். அதே தோலைக் குறுக்கே வெட்டினால், வெட்டின இடத்தில் அத்தனை நார்களின் முனையும் திறந்தபடி நிற்கும். வைக்கோல்கட்டைக் கத்தியால் வெட்டிய மாதிரி. சோலின் ஓரம் என்பது இப்படி வெட்டின முகம்தான். மழைத் தண்ணீரில் வைத்தால் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி ஏறும். ஊறும், உப்பும், காயும், சுருங்கும். நாலு தடவை இப்படி நடந்தால் நார்கள் பிசிராகி, ஓரம் காளான் குடை மாதிரி விரிந்துவிடும்.

அதனால்தான் நல்ல ஷூ செய்கிறவர்கள் ஓரத்தைச் சும்மா விடுவதில்லை. தேய்த்து, சாயம் ஏற்றி, மெழுகு பூசி, சூடு காட்டி மூடிவிடுகிறார்கள். பார்க்க அழகாக இருப்பது இலவச இணைப்பு. அசல் வேலை, தண்ணீருக்குக் கதவைச் சாத்துவது.

சூடு காட்டினால் மினுங்குவதற்கும் ஒரு காரணம் உண்டு. கடுக்காயைக் கடித்துப் பார்த்திருக்கிறீர்களா? நாக்கை இழுத்துப் பிடிக்கும். அதிலுள்ள டேனின் என்கிற சரக்கு நம் எச்சிலில் இருக்கும் புரதத்தைப் போய்ப் பிடித்துக்கொள்வதால் வருகிற துவர்ப்பு அது. இதே கடுக்காயும் ஆவாரம்பட்டையும் வேலம்பட்டையும் ஊறிய தண்ணீரில் பச்சைத்தோலைப் போட்டால் தோலின் புரதத்தையும் அப்படியே பிடித்துக்கொள்ளும். தோல் அழுகாமல் கெட்டிப்படும். நம் பக்கத்தில் காலம்காலமாகத் தோல் பதனிட்ட வழி இது. 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்று லண்டன் வரைக்கும் கப்பலேறிப் பேர் வாங்கியது. இந்த மாதிரி பட்டை, காய் போட்டுப் பதனிட்ட கெட்டித்தோல்தான் சோலுக்கு ஏற்றது. தேய்க்கத் தேய்க்க, சூடு காட்டக் காட்ட, தேக்குமரம் மாதிரி மினுங்கும். ஷூவின் மேல்பக்கத்துக்குப் பெரும்பாலும் குரோமியம் உப்பில் பதனிட்ட மெத்துத்தோலைப் போடுவார்கள். அதன் வெட்டு முகம் எவ்வளவு தேய்த்தாலும் இப்படி மினுங்காது.

சந்தேகம் இருப்பவர்கள் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுக்கொள்ளலாம். 1948-லிருந்து அங்கே இதே வேலையாக இருக்கிறார்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. தோல் சும்மா வருவதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தொழிற்சாலைகளின் கழிவால் பாலாற்றங்கரை நிலமும் கிணறும் என்ன பாடுபட்டன என்பது 1996-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. அவ்வளவு விலை கொடுத்து வருகிற ஒரு பொருளை, ஓரம் போச்சு என்பதற்காகக் குப்பையில் போடுவது மகா பாவம். தையல் போட்ட நல்ல ஷூவுக்கு சோலையே கழற்றிப் புதிதாக மாட்டலாம். மேல்பக்கத்தைப் பராமரித்தால் பத்து வருஷம் ஓடும். (சோலைச் சுற்றித் தைக்கும் இந்த முறைக்கு 'குட்இயர் வெல்ட்' என்று பெயர். டயர் ஞாபகம் வருகிறதா? ரப்பரை வேகவைத்துக் கெட்டியாக்கும் வித்தையைக் கண்டுபிடித்து, கடைசியில் கடனாளியாகவே 1860-ல் செத்துப்போன சார்லஸ் குட்இயரின் மகன் பெயரில் 1870-களில் வந்தது இந்தத் தையல் மெஷின்.)

*

சரி, மரத்தடிக்கு வருவோம். பெரியவர் செய்ததைப் பார்த்துப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். பொறுமை இருந்தால் ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டிலேயே செய்யலாம். அதற்கு முன் ஒரே ஒரு பரீட்சை. உங்கள் ஷூவின் ஓரம் அசல் தோல்தானா?

நிறைய ஷூக்களில் ரப்பரிலேயே கோடு கோடாக வார்த்து, தோல் அடுக்கு மாதிரி பெயின்ட் அடித்திருப்பார்கள். கோடுகள் எல்லாம் ஸ்கேல் வைத்து வரைந்த மாதிரி ஒரே சீராக இருந்தால் சந்தேகப்படுங்கள். அடிப்பக்கத்தில் சாயம் தேய்ந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். உறிஞ்சிக்கொண்டு அந்த இடம் கறுத்தால் தோல். முத்தாக உருண்டு ஓடினால் ரப்பர். ரப்பராக இருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு சினிமாவுக்குப் போய்விடுங்கள். உங்களுக்கு வேலை இல்லை.

தோல்தானா? அப்படியானால் தொடருங்கள்.

முதல் வேலை, பாதுகாப்பு. ஷூவின் மேல்பக்கம் சோலோடு சேருகிற இடத்தில் சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட வேண்டும். கை தவறி உப்புத்தாள் மேல்தோலில் பட்டால் அந்தக் கீறல் ஜென்மத்துக்கும் போகாது. பெரியவர் டேப் ஒட்டவில்லை. இருபது வருஷ அனுபவம் அவருடைய விரலிலேயே ஒட்டியிருந்தது. நமக்கு டேப்தான் கதி.

அடுத்து, பழைய அழுக்கையும் சாயத்தையும் ஈரத்துணியால் துடைத்துக் காயவிட வேண்டும். பெரியவர் இந்த இடத்தில் பெட்டியிலிருந்து ஒரு உடைந்த கண்ணாடிச் சில்லை எடுத்தார். நம் ஆள் அலறிவிட்டான். ''பயப்படாத தம்பி'' என்று சொல்லி, அதன் விளிம்பால் ஓரத்தை மெள்ளச் சுரண்டினார். தேங்காய்ப்பூ மாதிரி சுருள் சுருளாகத் தோல் உதிர்ந்து, பிசிரெல்லாம் போய் ஒரே சமமாக ஆகிவிட்டது. இங்கிலாந்தில் கையால் ஷூ செய்கிற பெரிய பெரிய ஆசாமிகளும் இந்தக் கண்ணாடிச் சில்லு வித்தையைத்தான் செய்துவந்திருக்கிறார்கள். நீங்கள் தயவுசெய்து முயற்சி பண்ணாதீர்கள். ஷூவுக்குப் பதில் விரலுக்கு ஃபினிஷிங் செய்ய வேண்டிவரும்.

நமக்கு உப்புத்தாள் போதும். ஹார்டுவேர் கடையில் கேட்டால் கிடைக்கும். தாளின் முதுகில் நம்பர் இருக்கும். நம்பர் ஏற ஏற நைஸ். முதலில் 120, பிறகு 220, கடைசியில் 400. ஒரு சின்ன மரக்கட்டையில் தாளைச் சுற்றிக்கொண்டு, ஓரம் போகும் திசையிலேயே நீளமாகத் தேய்க்க வேண்டும். விரலால் அழுத்தித் தேய்த்தால் அங்கங்கே பள்ளம் விழும். 220-க்கும் 400-க்கும் நடுவில் ஓரத்தை லேசாக ஈரத்துணியால் ஒற்றிக் காயவிடுங்கள். அடங்கியிருந்த நார்கள் மறுபடி தலை தூக்கும். அப்போது 400-ஐப் போட்டு அடக்கிவிட்டால் பிறகு எழுந்திருக்காது. ஆபீஸில் யூனியன் விவகாரம் மாதிரிதான், ஒரு தடவை பேசவிட்டுப் பிறகு சமாதானம் செய்ய வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சோலைப் பிடித்துக்கொண்டிருக்கும் தையல், ஓரத்திலிருந்து சில மில்லிமீட்டர் உள்ளேதான் ஓடுகிறது. ஆர்வக்கோளாறில் தேய்த்துக்கொண்டே போனால் நூல் அறுந்து சோல் வாயைத் திறந்துவிடும். பிசிர் போனதும் நிறுத்திவிட வேண்டும்.

அடுத்தது சாயம். கலரை மாற்ற ஆசைப்படுகிறவர்களுக்கு இதுதான் சான்ஸ். பிரௌன் ஷூவுக்குக் கறுப்பு ஓரம் கொடுத்தால் கொஞ்சம் கம்பீரம் வரும். ஷூவை விட ஒரு ஷேடு கூடுதலான பிரௌன் கொடுத்தால் மரியாதையான ஆபீஸ் தோற்றம். சாயமே போடாமல் தோலின் இயற்கை நிறத்தில் விட்டு வெறும் மெழுகு மட்டும் போட்டால் வார இறுதி உல்லாசம். ஆனால், வெளிர் நிறத்திலிருந்து கறுப்புக்குப் போவது சுலபம், திரும்பி வருவது கஷ்டம். கறுப்புச் சாயம் நாருக்குள் ஆழமாக இறங்கியிருக்கும். அதை முழுக்க எடுக்க நினைத்துத் தேய்த்தால் மேலே சொன்ன தையலில் போய் முடியும். தலைமுடி விஷயத்தில் இயற்கை செய்வதற்கு இது நேர் எதிர்!

தோலுக்கான சாயமும் மெழுகும் சென்னைக்காரர்களுக்குப் பெரியமேடு தோல் கடைகளில் கிடைக்கும். பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷோ, பஞ்சு சுற்றிய குச்சியோ போதும். தொட்டுத் தொட்டு மெல்லிசாக இரண்டு கோட்டிங். ஒவ்வொன்றும் நன்றாகக் காய வேண்டும். ஒரே கோட்டிங்கில் குளிப்பாட்டினால் வழிந்து மேல்தோலில் ஏறிவிடும்.

கடைசியில் மெழுகும் சூடும். பெரியவரிடம் இதற்கென்றே ஒரு சின்ன இரும்பு இருந்தது. சோலின் ஓரத்தைக் கச்சிதமாகக் கவ்வுகிற மாதிரி முனையில் பள்ளம். அதை ஸ்பிரிட் விளக்கில் காட்டி, முதலில் ஒரு துண்டுத் தோலில் வைத்துப் பார்த்தார்.

''இதான் தம்பி சூட்சுமம். சூடு பத்தலைன்னா மெழுகு உருகாது. ஜாஸ்தியாச்சுன்னா தோலு அப்பளமாட்டம் சுருண்டுக்கும்.''

விஞ்ஞானமும் அதையேதான் சொல்கிறது. பட்டையில் பதனிட்ட தோல் ஈரமாக இருக்கும்போது 70 முதல் 85 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே சுருங்கத் தொடங்கிவிடும். நனைந்த ஷூவை அடுப்புப் பக்கத்திலோ, ஹேர் டிரையரிலோ காயவைக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான். பழைய நியூஸ்பேப்பரைச் சுருட்டி உள்ளே திணித்து, நிழலில் காயவிடுங்கள். ஒரு நாள் கூடுதலாக ஆகட்டும், பரவாயில்லை.

வீட்டில் இரும்பு இல்லாதவர்கள் எவர்சில்வர் ஸ்பூனை வெந்நீரில் போட்டு எடுத்து, நன்றாகத் துடைத்து, அதன் முதுகால் மெழுகு பூசின ஓரத்தை அழுத்தித் தேய்க்கலாம். (ஸ்பூனை மறுபடி சமையலறையில் வைத்து மாட்டிக்கொண்டால் நான் பொறுப்பல்ல.) பிறகு ஒரு காட்டன் துணியால் கை வலிக்கிற வரைக்கும் தேய்த்தால், ஓரத்தில் ஒரு மினுமினுப்பு ஏறும் பாருங்கள்... நல்லெண்ணெய் தடவின எருமைக்கொம்பு மாதிரி!

அதற்குப் பிறகு பெரிய வேலை இல்லை. வாராவாரம் மேல்பக்கத்துக்குப் பாலிஷ் போடும்போது பிரஷ்ஷை அந்த ஓரத்திலும் ஒரு சுற்று ஓட்டினால் போதும். பஞ்சு முனை வைத்த பாட்டில் பாலிஷ் மட்டும் வேண்டாம். அந்த நேரத்துக்கு மின்னும், பிறகு ஏடு ஏடாக உரியும்.

*

வேலை முடிய ஒன்றரை மணி நேரம் ஆனது. பையனுக்குத் தன் ஷூவையே அடையாளம் தெரியவில்லை.

''இந்த வேலையை யாருக்காவது கத்துக்குடுத்திருக்கீங்களா?'' என்று பெரியவரைக் கேட்டேன்.

''யாரு சார் வராங்க? பையன் டெலிவரி கம்பெனில வண்டி ஓட்றான். இதுக்கும் ஆளு இல்ல சார். இப்ப வர்றதெல்லாம் ஒட்டு ஷூ. பிய்ஞ்சா ஒட்டு, மறுபடி பிய்ஞ்சா குப்பை. மாசத்துல இந்த மாதிரி ஜோடி ஒண்ணு வந்தா ஜாஸ்தி. அதுவும்...'' என்று பையனைப் பார்த்துச் சிரித்தார். ''பாதி வெலைக்குக் கேக்கறாங்க.''

இங்கிலாந்தில் நார்த்தாம்ப்டன் என்று ஓர் ஊர் இருக்கிறது. பல நூற்றாண்டுகளாக ஆண்கள் ஷூவுக்குப் பேர் போனது. அந்த ஊருக்கு 1897-ல் ஆரம்பித்த ஒரு ஃபுட்பால் கிளப் உண்டு. அதன் செல்லப் பெயர் என்ன தெரியுமா? 'காப்ளர்ஸ்'! செருப்புத் தைப்பவர்கள்! சனிக்கிழமை மேட்ச் என்றால் ஊரே திரண்டு வந்து, தொண்டை கிழிய அந்தப் பெயரைச் சொல்லிக் கத்துகிறது. பேங்க் மேனேஜர், வக்கீல், டாக்டர் எல்லோரும் சேர்ந்துதான்.

நம் ஊரில் அதே தொழிலை வசவாக உபயோகிக்கிறோம். நாம் நின்றுகொண்டு காலை நீட்டுகிறோம், அவர் தரையில் உட்கார்ந்து வாங்கிக்கொள்கிறார். ஏசி ஷோரூமில் பதினோராயிரத்தை வாய் திறக்காமல் கார்டில் தேய்த்துவிட்டு, அந்தப் பதினோராயிரத்தைக் காப்பாற்றித் தருகிற மனுஷனிடம் நூற்றைம்பதுக்குப் பேரம் பேசுகிறோம். இரண்டு பெரிய பீட்சாவுக்கு ஆகிற காசு வருமா அவர் கேட்டது? இந்தக் கை வித்தை இந்தத் தலைமுறையோடு போய்விட்டால், நாளைக்கு மூவாயிரம் கொடுத்தாலும் அந்த மரத்தடியில் ஆள் இருக்காது. நிழல்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா?

சொஜ்ஜி, பஜ்ஜி எல்லாம் முடிந்து கிளம்பும்போது, பெண்ணின் அப்பா வாசல் வரை வந்திருக்கிறார். பையன் குனிந்து ஷூவை எடுப்பதற்குள் அவரே ஒன்றைக் கையில் எடுத்துவிட்டாராம். ஓரத்தில் கட்டை விரலை ஒரு சுற்று ஓட்டியிருக்கிறார். பையனுக்கு உயிரே இல்லை.

''இது கம்பெனி ஃபினிஷிங் இல்லையே... கையால பண்ணது. யார் பண்ணாங்க?''

சொன்னான். எந்த பஸ் ஸ்டாப், எந்த மரம் என்று விசாரித்து ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டாராம். பையனின் சம்பளத்தைக்கூட அவ்வளவு அக்கறையாக விசாரிக்கவில்லை!

போன வாரம் ராணிப்பேட்டையிலிருந்து பஸ் ஏறி, இரண்டு ஜோடி ஷூவைப் பையில் போட்டுக்கொண்டு நேரே புங்கமரத்தடிக்கே வந்துவிட்டார். ஆபீஸ் ஜன்னலிலிருந்து நானும் பையனும் பார்த்தோம். பிளாட்பாரத்தில் நியூஸ்பேப்பரை விரித்து, பெரியவருக்குச் சமமாக எதிரே உட்கார்ந்து, இரண்டு பேரும் மத்தியானம் வரை பேசிக்கொண்டே இருந்தார்கள். கிளம்பும்போது அறுநூறு ரூபாயை எண்ணிக் கொடுத்தார். பேரமே இல்லை.

கல்யாணம் இன்னும் முடிவாகவில்லை. ஜாதகம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பையன் மட்டும் வாரம் தவறாமல் ஷூ ஓரத்துக்கு மெழுகு போட்டுக்கொண்டிருக்கிறான்.

உங்கள் தெருமுனையிலும் ஒரு மரத்தடி இருக்கும். நல்ல ஷூ இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். கேட்ட காசைக் கொடுங்கள். பேரம் பேசித்தான் தீருவேன் என்றால் அதுவும் உங்கள் இஷ்டம். எந்தக் காலுக்கு என்பதை மட்டும் வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள்!